போலி அன்ரி வைரஸ் வீட்டுக் கணினியை விட்டுப் போகவில்லை: போமற் செய்யாமல் நீக்க வழியுண்டா?

கோண்டாவில் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் வீட்டில் விண்டோஸ் 10 உள்ள ஒரு மேசைக் கணினி இருக்கிறது. நானும், இம்முறை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் என் பேரனும் அதில் மாறி மாறி வேலை செய்வது வழக்கம். சில நாட்களாக அதை இயக்கியவுடன், வீட்டில் எவரும் நிறுவியதாக நினைவில்லாத ஓர் அன்ரி வைரஸ் மென்பொருள் திரையை நிறைத்துக்கொண்டு தானாகவே சோதனையைத் தொடங்கிவிடுகிறது. சிவப்புக் கேடயம் ஒன்று மினுங்க, ஒரு நிமிடம் ஆகுமுன்னரே 1,384 வைரஸ்கள் பிடிபட்டிருப்பதாகவும், அவற்றை அகற்றுவதற்கு 49 டொலர் செலுத்தி முழுப் பதிப்பைப் பெற வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறது.

இதற்கும் மேலாக, திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில், நாம் எல்லோரும் அறிந்த ஒரு பெரிய அன்ரி வைரஸ் நிறுவனத்தின் பெயரில் "உங்கள் சந்தா முடிவடைந்துவிட்டது, கணினி ஆபத்தில் உள்ளது" என்ற தகவல்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அந்த நிறுவனத்துக்கு நாங்கள் ஒருபோதும் சந்தா கட்டியதில்லை. இயங்கும் நிரல்களைக் காட்டும் ராஸ்க் மனேஜரைத் திறந்தால் அது உடனே மூடிக்கொள்கிறது. கொன்ரோல் பனலுக்குச் சென்று மென்பொருளை நீக்க முயன்றால், நீக்குவதற்குப் பதிலாகப் பணம் செலுத்தும் பக்கமே திறக்கிறது.

நகரில் உள்ள ஒரு கணினிக் கடையில் விசாரித்தபோது, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "போமற் அடிக்க வேண்டும், வேறு வழியில்லை" என்றார்கள். வட்டை முழுதும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதானே போமற்; அதற்குத்தான் நான் தயங்குகிறேன். பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பாடக்குறிப்புகள், கோயில் கும்பாபிஷேக மலருக்காகத் தொகுத்த கட்டுரைகள், பழைய மாணவர் சங்க அறிக்கைகள் யாவும் அந்தக் கணினியிலேயே இருக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியோ, "49 டொலர்தானே அண்ணா, நான் இங்கிருந்து அட்டையில் கட்டிவிடுகிறேன், தொல்லை முடியட்டும்" என்கிறார். கட்டினால் உண்மையில் தொல்லை முடியுமா? என் கோப்புகளை அந்த வைரஸ்கள் பாதித்திருக்குமா? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

திருநெல்வேலி வலையமைப்பாளர்:

வணக்கம் ஐயா. முதலில், உங்கள் தம்பியைக் கட்ட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அந்த 1,384 என்பது எண்ணிப் பெற்ற எண்ணிக்கை அன்று. பயமுறுத்துவதற்காக நிரலுக்குள் எழுதிவைத்த ஓர் எண். உண்மையான அன்ரி வைரஸ் ஒன்று உங்கள் வட்டில் உள்ள இலட்சக்கணக்கான கோப்புகளை முழுமையாகப் பார்த்து முடிக்கப் பழைய கணினியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். இது ஒரு நிமிடத்தில் முடிப்பதிலிருந்தே எதையும் பார்க்கவில்லை என்பது தெரிகிறது.

உங்கள் விளக்கத்தை வாசிக்கும்போது, இரண்டு வெவ்வேறு தொல்லைகள் ஒன்றாகத் தெரிவதாகவே எனக்குப் படுகிறது. இவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் நீக்கத் தொடங்குவதால்தான் பலர் களைத்துப்போய் போமற் வரை செல்கிறார்கள். மூலையில் வரும் சந்தாத் தகவல்கள் பெரும்பாலும் கணினியில் நிறுவப்பட்ட எதிலிருந்தும் வருவன அல்ல. அவை குரோம் உலாவியின் அறிவித்தல்கள். ஏதோ ஓர் இணையத்தளம் "தொடர்வதற்கு அலவ் என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும்; அழுத்திய நாளிலிருந்து தான் விரும்பியதை எல்லாம் உங்கள் திரைக்கு அனுப்பும் உரிமையை அது பெற்றுவிட்டது. அடுத்த முறை வரும்போது அந்தச் சிறு பெட்டியைக் கவனமாகப் பாருங்கள். பெரிய எழுத்தில் அன்ரி வைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், சிறிய எழுத்தில் கூகுள் குரோம் என்ற சொல்லும் பொருளற்ற ஓர் இணைய முகவரியும் இருக்கும். ஓர் இணையப்பக்கத்தால் உங்கள் வட்டுக்குள் புகுந்து வைரஸ் தேட முடியாது. வீதியில் நின்றுகொண்டே உங்கள் அறை அலுமாரியில் எத்தனை கறையான் இருக்கிறது என்று சொல்பவரை நம்புவது போன்றதுதான் அதை நம்புவது.

இதை நீக்குவது எளிது. குரோமின் வலப்பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி செற்றிங்ஸைத் திறந்து, தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதிக்குள் தள அமைப்புகளுக்குச் சென்று, அறிவித்தல்களைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். நீங்கள் அறியாத பெயர்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, எந்தத் தளமும் அறிவித்தல் அனுப்பக் கூடாது என்ற தெரிவையும் இட்டுவிடுங்கள். மின்னஞ்சலோ வேறெதுவோ இதனால் கெடாது.

கணினி தொடங்கும்போதே வருவது இரண்டாவது தொல்லை. அது உண்மையாகவே நிறுவப்பட்ட நிரல். தன்னை நீக்க முற்படுபவரைத் தடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. ஆகவே அது விழித்திராத நிலையில் கணினியைத் திறக்க வேண்டும். முதலில் இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஸ்ராட் பட்டியலில் உள்ள றீஸ்ராட் என்பதை, விசைப்பலகையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி சொடுக்குங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் ட்ரபிள்ஷூட், பின்னர் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், பின்னர் ஸ்ராட்அப் செற்றிங்ஸ் என்று சென்று மீண்டும் றீஸ்ராட்டை அழுத்தினால் இலக்கமிட்ட பட்டியல் ஒன்று தோன்றும். 4 என்பது சேஃப் மோட். 5 என்பது இணையத்துடன் கூடிய சேஃப் மோட். இந்த நிலையில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாதவற்றை மட்டுமே தொடக்குவதால், பெரும்பாலான போலி மென்பொருட்கள் எழும்புவதில்லை. திரை கறுத்து, எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; அதன் இயல்பு அது.

அங்கிருந்து, கொன்ரோல் பனலில் நிறுவப்பட்ட மென்பொருட்களின் பட்டியலைத் திகதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்குமானால், அவை ஒன்றாக உள்ளே வந்தவை என்று கொள்ளலாம். அனைத்தையும் நீக்குங்கள். நீக்க முடியாவிட்டால், ராஸ்க் மனேஜரில் ஸ்ராட்அப் பகுதியில் அதன் பெயரை முடக்குங்கள். அதே இடத்தில் வலச்சொடுக்குச் செய்து அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் பின்னர், தீங்கான நிரல்களைத் தேடி நீக்கும் மல்வெயர்பைட்ஸின் இலவசப் பதிப்பையும், அதே நிறுவனத்தின் அட்வ்கிளீனரையும் கொண்டு ஒருமுறை துப்புரவு செய்வது நல்லது. இவற்றை வேறொரு கணினியில், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்துப் பென்ரைவில் கொண்டுவாருங்கள். சேஃப் மோட்டில் சில வைஃபை டொங்கிள்கள் வேலை செய்வதில்லை என்பது ஒரு காரணம். நோயுற்ற கணினியின் தேடல் முடிவுகளை நம்ப முடியாது என்பது மற்றக் காரணம். மல்வெயர்பைட்ஸ் முதலில் கட்டணப் பதிப்பைச் சில நாட்களுக்கு இலவசமாகத் தரும். நாள் முடிந்ததும் அட்டை இலக்கம் எதுவும் கேட்காமல் இலவசப் பதிப்பாக மாறிவிடும். கடைசியாக, விண்டோஸ் செக்கியூரிற்றிக்குள் வைரஸ் பாதுகாப்பு என்பதன் ஸ்கேன் தெரிவுகளில் மைக்ரோசொப்ட் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் கணினி தானாக மீளத் தொடங்கி, விண்டோஸ் எழும்புமுன்னரே ஏறக்குறைய 15 நிமிடங்கள் சோதனை செய்யும். ஒளிந்திருப்பவற்றுக்கு இதுவே ஏற்றது. தனியாக எதையும் வாங்கவும் வேண்டியதில்லை.

உங்கள் கோப்புகளைப் பற்றி: இவ்வகை மென்பொருட்களின் நோக்கம் பயமுறுத்திப் பணம் பறிப்பது; கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்பவை வேறு இனம். எனினும் முன்னொரு காலத்தில் பரவிய சில போலிகள், வட்டு பழுதாகிவிட்டது என்று நம்பவைப்பதற்காகக் கோப்புகளை மறைத்துவைத்ததுண்டு. உங்கள் கோப்புறைகள் திடீரென வெறுமையாகத் தெரிந்தால், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் துப்புரவு மென்பொருள் எதையும் ஓட்டாமல் முதலில் இங்கே எழுதுங்கள். அந்தப் போலிகள் குறுக்குவழிகளை ஒளித்துவைத்தது அந்தத் தற்காலிகக் கோப்புறைக்குள்தான்.

கஸ்தூரியார் வீதித் திருத்துநர்:

ஐயா, நானும் ஒரு கடையில் திருத்துவேலை செய்பவன்தான். போமற் என்று சொல்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர் என்பதைக் கடைக்காரர் பக்கத்திலிருந்து ஒருவராவது எழுத வேண்டும். மேலே வலையமைப்பாளர் சொன்ன வழி சரியானது. நானும் முதலில் அதையே செய்வேன். ஆனால் எங்களிடம் வரும் கணினிகளில் பல, உரிமமற்ற விண்டோஸைக் கொண்டவை. அதை இயங்கச்செய்ய யாரோ ஓர் ‘அக்டிவேற்றர்’ போட்டிருப்பார்கள். அது வேலை செய்வதற்காக, விண்டோஸின் சொந்த அன்ரி வைரஸான டிஃபென்டரை முற்றாக நிறுத்தியும் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கணினியில் ஒரு போலியை நீக்கினால் அடுத்தது வர அதிக நாள் எடுக்காது. விண்டோஸ் செக்கியூரிற்றியைத் திறந்தவுடன் "இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வாசகம் வந்தால், வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரோ அல்லது ஏதோ ஒன்று டிஃபென்டரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதுதான் பொருள். அந்த நிலையில் மட்டும் புதிதாக நிறுவுவதே நல்லது என்பது என் கருத்து.

போமற் செய்வதானாலும் செய்யாவிட்டாலும், கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்துவையுங்கள். கட்டுரைகள், படங்கள், பீடிஎஃப் ஆகியவற்றை மட்டும் எடுங்கள். இயங்கும் நிரல்களையும் நிறுவற் கோப்புகளையும் கூடவே எடுத்தால் நோயையும் சேர்த்து எடுத்ததாகிவிடும். நீங்கள் பாமினியில் தட்டச்சுச் செய்தவர் என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள எழுத்துருக்களில் பாமினிக் கோப்பையும் பிரதியோடு சேர்த்து எடுத்துவையுங்கள். பாமினி ஒருங்குறி (யுனிகோட்) அன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். போமற் அடித்துக் கொடுத்த மறுநாளே "எல்லாவற்றையும் வைரஸ் தின்றுவிட்டது" என்று பதறிக்கொண்டு கடைக்கு ஓடிவந்த ஓர் ஐயரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுத்துருவை நிறுவியவுடன் அவருடைய திருவிழா நிகழ்ச்சிநிரல் ஓர் எழுத்தும் சிதையாமல் வந்தது. நேரம் கிடைக்கும்போது அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது மேலும் நல்லது. அதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசொப்டின் இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று பார்க்கவும். தாங்காவிட்டால், நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ள முடியுமா என்று செற்றிங்ஸின் புதுப்பிப்புப் பகுதியில் பாருங்கள்; உரிமமுள்ள விண்டோஸுக்கே அது கிடைக்கும்.

ரொறன்ரோவில் ஒரு மானிப்பாய்க்காரி:

வணக்கம் ஐயா. நான் இங்கே அட்டைக் கொடுப்பனவு முறைப்பாடுகளைக் கையாளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள். உங்கள் தம்பி "49 டொலர்தானே" என்று சொல்வது எனக்கு வியப்பாக இல்லை. ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு கரைச்சல் என்றால் உடனே கட்டிவிட வேண்டும் என்ற மனம்தான் எங்கள் எல்லோருக்கும். ஆனால் இங்கே இழப்பு 49 டொலருடன் நிற்பதில்லை. அட்டை இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்க மூன்று இலக்கம், வீட்டு முகவரி ஆகிய நான்கும் ஒரே படிவத்தில் அவர்கள் கைக்குப் போகின்றன. மாதாமாதம் புதுப்பிக்கும் சந்தாவாக அதைப் பதிந்துவிடுவதும் உண்டு. பணம் பெற்ற பின்னர் அந்தச் சிவப்புக் கேடயம் பச்சையாக மாறும், வேறெதுவும் மாறாது.

இது சில்லறைத் திருட்டு என்றும் எண்ண வேண்டாம். வின்ஃபிக்சர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி அன்ரி வைரஸ் முதலிய பெயர்களில் இதே வித்தையைக் காட்டிய ஒரு கூட்டத்துக்கு எதிராக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் ஏமாற்றப்பட்டனர் என்பது ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2012-இல் அவ்வழக்கின் பிரதிவாதிகளில் ஒருவர் மீது மட்டும் 16 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்துமாறு தீர்ப்பு வந்தது. அந்தக் கூட்டம் போனாலும் வித்தை போகவில்லை.

இதை வாசிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், திரையில் தெரியும் எண்ணுக்கு அழைக்காமல் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள வங்கி எண்ணுக்கு உடனே அழைத்து, அட்டையை நிறுத்தி, அந்தக் கொடுப்பனவை மறுத்து முறையிடுங்கள். மைக்ரோசொப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருப்பதில்லை. யாராவது அந்த எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் அல்லது ரீம்வியூவரை நிறுவிக் கணினியைத் தொலைவிலிருந்து கையாள விட்டிருந்தால், நிலைமை மேலும் பாரதூரமானது: அந்த நிரலை நீக்குவதோடு, மின்னஞ்சல் மற்றும் வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றியாக வேண்டும். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இலங்கைக் கணினி அவசர ஆயத்தக் குழுவிடமும் பொலிஸாரிடமும் முறையிடலாம். திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் முறைப்பாட்டுக்கு உதவும்.

கோண்டாவில் ஆசிரியர்:

மூவருக்கும் என் நன்றி. தம்பியிடம் பேசிவிட்டேன், அவர் கட்டவில்லை. அறிவித்தல் பட்டியலைத் திறந்தபோது அங்கே பெயர் தெரியாத பல தளங்கள் வரிசையாக இருந்தன. அகற்றிய கணமே மூலைத் தகவல்கள் நின்றுவிட்டன. சேஃப் மோட்டில் திகதி வரிசைப்படி பார்த்ததில், அந்தப் போலி மென்பொருளுடன் அதே நாளில் ஒரு பீடிஎஃப் மாற்றியும், தேடல் உதவி என்ற பெயரில் இன்னொன்றும் நுழைந்திருந்தன. பேரனிடம் கேட்டபோது, கணித பாடக் கடந்தகால வினாத்தாள் ஒன்றைத் தரவிறக்கிய பக்கத்தில் பச்சை நிறத்தில் பல டவுன்லோட் பொத்தான்கள் இருந்ததாகவும், வந்த கோப்பில் பீடிஎஃப் படம் இருந்ததால் திறந்ததாகவும் சொன்னான். மூன்றையும் நீக்கி, மல்வெயர்பைட்ஸையும் ஓட்டினேன். டிஃபென்டரில் நிறுவனம் என்ற வாசகம் இல்லை. எல்லாம் சரியென்று எண்ணி வழமைபோல் தொடங்கினால், போலி வரவில்லை. ஆனால் குரோமில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பேரனின் கைத்தொலைபேசியில் அதே வைஃபை நன்றாக வேலை செய்கிறது. இனி என்ன செய்வது?

திருநெல்வேலி வலையமைப்பாளர்:

ஐயா, நல்ல செய்தி. இப்போது நிகழ்வது அந்த நிரல் விட்டுச்சென்ற ஒரு சுவடு. உங்கள் உலாவியின் போக்குவரத்து தன் வழியாகச் செல்லும்படி அது ஒரு புரொக்சி அமைப்பை இட்டிருக்கும். நிரல் போய்விட்டது, அமைப்பு நிற்கிறது. செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதிக்குச் சென்று புரொக்சி என்பதைத் திறந்து, கையால் இடப்பட்ட புரொக்சியைப் பயன்படுத்து என்ற ஆளியை அணைத்துவிடுங்கள். அத்துடன் விண்டோஸுக்குள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ், அதனுள் இருக்கும் இரிசி (etc) கோப்புறையில் ஹோஸ்ட்ஸ் (hosts) என்று ஒரு கோப்பு உண்டு. அதை நோட்பாட்டில் திறந்து பாருங்கள். எண் அடையாளக்குறியுடன் (#) தொடங்கும் வரிகள் வெறும் விளக்கங்கள். அக்குறி இல்லாமல், அன்ரி வைரஸ் நிறுவனங்களின் அல்லது வங்கிகளின் முகவரிகளைக் கொண்ட வரிகள் இருந்தால் அவற்றை அழித்துவிடுங்கள். சேமிப்பதற்கு நோட்பாட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்திருக்க வேண்டும்.

பேரன் திறந்த கோப்பைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் தன் இயல்பில் கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியை மறைத்துவைக்கிறது. ஆகவே பீடிஎஃப் படத்தை ஒட்டிக்கொண்ட ஒரு நிரல் பீடிஎஃப் போலவே தெரியும். பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. கோப்புறைச் சாளரத்தின் வியூ பகுதியில் கோப்புப் பெயர் நீட்சிகள் என்பதைத் தெரிவுசெய்தால், வினாத்தாள் என்ற பெயரின் இறுதியில், இயங்கும் நிரலைக் குறிக்கும் .exe என்ற நீட்சி இருப்பது வெளிப்படையாகத் தெரியும். கடந்தகால வினாத்தாள்களைப் பொறுத்தவரை, பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தையும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கோண்டாவில் ஆசிரியர்:

புரொக்சி ஆளிதான் காரணம். அணைத்தவுடன் பக்கங்கள் திறந்தன. ஹோஸ்ட்ஸ் கோப்பில் விளக்க வரிகள் மட்டுமே இருந்தன. ஒஃப்லைன் ஸ்கேனும் எதையும் காட்டவில்லை. பாமினி எழுத்துருவுடன் கட்டுரைகள் அனைத்தையும் பென்ரைவில் எடுத்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் மீதியிருக்கிறது: இனி நல்ல அன்ரி வைரஸ் ஒன்றை விலைகொடுத்து வாங்க வேண்டுமா?

கஸ்தூரியார் வீதித் திருத்துநர்:

வேண்டியதில்லை ஐயா. விண்டோஸுடன் வரும் டிஃபென்டர் வீட்டுப் பாவனைக்குப் போதுமானது. இரண்டு அன்ரி வைரஸ்களை ஒன்றாக ஓடவிட்டால் பழைய கணினி மூச்சுத்திணறும். அந்தப் பணத்தில் ஒரு வெளிவட்டு வாங்கிக் கட்டுரைகளுக்கு இரண்டாவது பிரதி எடுத்துவையுங்கள். பென்ரைவ் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. பேரனுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். பெரும்பாலான மென்பொருட்களை நிறுவ முற்பட்டால் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கடவுச்சொல்லை விசைப்பலகைக்கு அடியில் எழுதி ஒட்டிவிட வேண்டாம். கடைக்கு வரும் கணினிகளில் பாதிக்கு அது அங்கேதான் இருக்கிறது.